வெளிநாட்டு நிதியும் சம்பா பருவமும்: டெல்டாவின் வேளாண் ஆய்வுக்குப் பணம் எப்படி வருகிறது, எங்கே நின்றுபோகிறது

காவிரி டெல்டா வயல்களில் பயிராகிவரும் நெல் ரகங்களின் பெற்றோர் பட்டியலை எடுத்துப் பார்த்தாலே, வெளிநாட்டுப் பணம் எத்தனை காலமாக இங்கே வந்துபோகிறது என்பது புரியும். ஆடுதுறை 39, ஐ.ஆர்.8க்கும் ஐ.ஆர்.20க்கும் பிறந்தது. ஆடுதுறை 43, ஐ.ஆர்.50க்கும் மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னிக்கும் பிறந்தது. அந்த ஐ.ஆர். வரிசை முழுவதும் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் 1960ல் ஃபோர்டு, ராக்கெஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் தொடங்கிய பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வாரிசு. வெள்ளைப் பொன்னியின் பூர்வீகம் மலேசியாவின் மசூரி ரகம். மசூரியின் பூர்வீகமோ ஒடிசாவின் கட்டாக். அங்கே 1950களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவில் நடந்த இண்டிகா–ஜப்பானிகா (நம் வெப்பமண்டல நெல், ஜப்பானிய வகை நெல்) கலப்புத் திட்டத்தில்தான் அதன் விதை உருவானது.

இந்த எழுபது ஆண்டு வரலாற்றில் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எவ்வளவு பணம் வந்தது என்பதைவிட, அது வருவதற்கு முன்பும் போன பின்பும் உள்ளூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆளும் வயலும் மாநில அரசின் சம்பளமும் இருந்தனவா என்பதே பலனை முடிவுசெய்திருக்கிறது. இருந்த இடத்தில் விளைந்தது. இல்லாத இடத்தில் அறிக்கை மட்டும் மிஞ்சியது.

ஆடுதுறை 27ஐ எடுத்துக்கொள்ளலாம். கட்டாக் திட்டத்தின் ஏற்பாடு எளிமையானது. பங்குபெற்ற நாடுகளும் மாநிலங்களும் தங்கள் நல்ல இண்டிகா ரகங்களை அனுப்பின. கட்டாக்கில் அவற்றை ஜப்பானிகா ரகங்களோடு கலந்து, விதையை அனுப்பியவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கோயம்புத்தூரின் ஜி.இ.பி.24ஐயும் ஜப்பானின் நோரின் 10ஐயும் கலந்து வந்த விதையிலிருந்து ஆடுதுறையில் பல தலைமுறை தேர்வு செய்துதான் 1965ல் அந்தக் குறுவை ரகம் வெளியானது. பன்னாட்டுப் பணம் செய்தது முதல் கலப்பை. அதற்குப் பிந்தைய தேர்வு வேலையை 1922லிருந்து ஆடுதுறையில் இயங்கிவந்த நிலையம் தன் சொந்தச் செலவில் செய்தது. ரகம் தயாரானபோது அதைக் கொண்டுசேர்க்க இன்னொரு பணமும் களத்தில் இருந்தது. 1960–61ல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு தீவிர வேளாண்மை மாவட்டங்களில் அன்றைய தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கூட்டுறவுக் கடன், மண் பரிசோதனை ஆகியவற்றை ஒன்றாகக் கொடுத்த அந்தப் 'பேக்கேஜ் திட்டம்' வழியாகவே ஆடுதுறை 27 ஊர் ஊராகப் போனது.

இரண்டாவது உதாரணம் நமக்கு நெருக்கமானது: வெள்ளத்தில் முழுகினாலும் பிழைக்கும் சம்பா நெல் ரகமான சி.ஆர்.1009 சப்1. சம்பா நடவு முடிந்து இருபது, முப்பது நாளில் ஐப்பசி மழை கொட்டி, வடிகால் எதிர்த்து நின்று, பயிர் முழுகிப்போவது டெல்டாவின் பழைய துயரம். இதற்கு மருந்தான மரபணு ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகத்தில் இருந்தது. முழுகும்போது பயிர் நீரைத் தாண்டி மேலே வர வீணாக வளராமல், வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்துக்கொள்ளும். நீர் வடிந்ததும் துளிர்க்கும். இரண்டு வாரம் வரை தாங்கும். அந்தக் குணம் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று 1996ல் கண்டார்கள். எந்த மரபணு என்று 2006ல் உறுதியானது; அதுதான் சப்1. அதை ஏற்றிய ஸ்வர்ணா சப்1 ரகம் இந்தியாவில் 2009ல் வெளியானது. இந்த 13 ஆண்டுகளுக்கு ஒரே கொடையாளர் பணம் கொடுக்கவில்லை. அமெரிக்க வேளாண் துறை, ஜெர்மனியின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகம், கடைசியில் கேட்ஸ் அறக்கட்டளை என்று கை மாறி வந்தது. டெல்டாவுக்கான சி.ஆர்.1009 சப்1ஐ உருவாக்கிய கடைசிக் கட்டத்துக்கோ நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நிதி கொடுத்தது; தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் செய்து முடித்தது.

மூன்று, நான்கு ஆண்டு நிதிக்குள் இந்தக் கடைசிக் கட்டம் அடங்கியதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே விவசாயி விரும்பும் ரகத்தில் ஒரே ஒரு குணத்தை மட்டும் மரபணுக் குறியீட்டின் துணையால் ஏற்றுவதற்கு இரண்டு, மூன்று பின்கலப்பும் (பழைய ரகத்தோடேயே மறுபடி கலப்பது) இரண்டு தற்கலப்பும் (தன்னோடு தானே கலப்பது) போதும். புதிய ரகம் ஒன்றை முதலிலிருந்து உருவாக்குவது வேறு கதை. ஆறேழு தலைமுறைத் தேர்வு, நிலைய சோதனை, பல இடச் சோதனை, விவசாயிகளின் வயலில் தகவாய்வு, ரக வெளியீட்டுக் குழு என்று பத்தாண்டு எளிதாக ஓடிவிடும். கொடையாளரின் காலக்கெடு மூன்று ஆண்டு என்றால், முதல் வகையை முழுசாகக் கேட்கலாம். இரண்டாம் வகையில் ஒரு துண்டை மட்டுமே கேட்க வேண்டும். முழு ரகத்தையும் வாக்குறுதியாக எழுதக் கூடாது. விண்ணப்பங்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

சப்1 எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரை உயரத்துக்கு வாரக்கணக்கில் தேங்கும் நீருக்கு அது உதவாது. நேரடி விதைப்பில் முளைக்கும்போதே நீர் தேங்கினால் உதவாது. 2021 ஜனவரியில் பெய்ததுபோல் கதிர் முற்றிச் சாய்ந்த பிறகு வரும் மழைக்கும் உதவாது. அத்தோடு சி.ஆர்.1009 ஏறத்தாழ 155 முதல் 160 நாள் பயிர்; ஆகஸ்டில் நாற்றங்கால் விட்டாக வேண்டும். மேட்டூர் 2024ல் திறந்ததுபோல் ஜூலை 28ல் திறந்தால், கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் அந்தக் காலம் நழுவத் தொடங்கிவிடும். இவை ஒவ்வொன்றும் தனி ஆய்வுக்கான கேள்வி, நிதி கேட்கத் தகுந்த கேள்வி.

கொடையாளரின் வரைபடம் மாறும்போது

தெற்காசியத் தானியப் பயிர் முறைகளுக்கான 'சீசா' திட்டம் 2009ல் தொடங்கியது. கேட்ஸ் அறக்கட்டளையும் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டும் பணம் கொடுத்தன. முதல் கட்டத்தில் காவிரி டெல்டாவும் அதன் மையங்களில் ஒன்று. ஆடுதுறையில் அதற்கு ஆய்வுத் தளமும் இருந்தது. பிற்பாடு திட்டத்தின் கவனம் பிகார், ஒடிசா, கிழக்கு உத்தரப் பிரதேசம் பக்கம் நகர்ந்தது. வறுமையும் உணவுப் பற்றாக்குறையும் எங்கே அதிகமோ அங்கே செலவிடுவது கொடையாளரின் நியாயம். அந்த அளவுகோலில் தமிழ்நாடு எப்போதும் பின்வரிசையில்தான் நிற்கும். ஆகவே 'பசி', 'வறுமை' என்ற தலைப்பில் டெல்டா போட்டியிட்டுப் பயனில்லை. கடல்மட்ட உயர்வு, உவர் நீர் உள்ளேறுவது, ஆற்று நீர்ப் பகிர்வு, நீர் தேங்கிய நெல் வயலிலிருந்து எழும் மீத்தேன் ஆகிய தலைப்புகளில் டெல்டாவுக்கு நிகரான களம் நாட்டில் அதிகம் இல்லை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நார்வே அரசின் நிதியில், அந்நாட்டு பயோஃபோர்ஸ்க் ஆய்வு நிறுவனமும் கோவையின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து காவிரிப் படுகையில் நடத்திய 'கிளைமாரைஸ்' திட்டம் இந்த வழியில் வந்ததுதான்.

இன்று களம் மேலும் சுருங்கியிருக்கிறது. 2025 ஜனவரி 20ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை 1ல் யு.எஸ்.எய்ட் தனி அமைப்பாக இயங்குவதே முடிந்தது. அதன் பணத்தில் நடந்த பல்கலைக்கழக ஆய்வகங்கள் பல, பருவத்தின் நடுவிலேயே மூடப்பட்டன. பிரிட்டன் 2021ல் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காடாக இருந்த உதவியை 0.5 ஆக்கியது, 2027க்குள் 0.3 ஆக்குவதாக அறிவித்திருக்கிறது. முதல் வெட்டின்போது கையெழுத்தாகி நடந்துகொண்டிருந்த திட்டங்களின் பணமே குறைக்கப்பட்டது. ஒரே கொடையாளரை நம்பி நீண்ட கால வயல் சோதனையை நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

யாருடைய பை, யாருடைய கை

நிதியின் அளவைப் பார்ப்பதற்கு முன், பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று பார்ப்பது நல்லது. பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையங்களின் கூட்டமைப்பான சி.ஜி.ஐ.ஏ.ஆருக்குள் மூன்று 'ஜன்னல்கள்' உண்டு. முதல் ஜன்னலில் விழும் பணம் பொதுத் தொகுப்பு. இரண்டாவது குறிப்பிட்ட ஆய்வுத் திட்டத்துக்கு. மூன்றாவது கொடையாளர் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட மையத்துக்குக் கொடுப்பது. இவை போக நேரடி இருதரப்பு ஒப்பந்தங்கள் உண்டு. டெல்டா நிலையத்துக்கு எட்டும் பணம் பெரும்பாலும் மூன்றாம் ஜன்னல் அல்லது இருதரப்பு வகையில் மையம் போடும் துணை ஒப்பந்தமாகவே வரும். அங்கே பேச்சுவார்த்தைக்கு இடம் உண்டு. பொதுத் தொகுப்பில் அது மிகக் குறைவு.

ஆஸ்திரேலியாவின் ஏ.சி.ஐ.ஏ.ஆர், வளரும் நாடுகளோடு கூட்டு வேளாண் ஆய்வுக்கென்றே 1982ல் சட்டம் போட்டுத் தொடங்கிய அமைப்பு. திட்டத்தின் தலைமை பெரும்பாலும் ஆஸ்திரேலிய நிறுவனத்திடம் இருக்கும். முதலில் சுருக்கக் கருத்துரு, பிறகே முழு முன்மொழிவு. பஞ்சாபில் வைக்கோலை எரிக்காமல் கோதுமை விதைக்கும் 'ஹேப்பி சீடர்' கருவி இந்தப் பணத்தில் உருவானது. லூதியானாவின் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உள்ளூர்ப் பட்டறைகளும் கைகொடுத்ததால் அது நிலைத்தது. ஜப்பானின் சாட்ரெப்ஸ் கூட்டு ஆய்வுத் திட்டத்தில் ஜப்பானிய ஆய்வாளருக்கு அந்நாட்டு அறிவியல் நிதி அமைப்பான ஜே.எஸ்.டி பணம் தரும், கூட்டாளி நாட்டுக்கு வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்கா வழியாகக் கருவியும் பயணச் செலவும் வரும். நம் பக்க ஆய்வாளர் சம்பளத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான 'ஹொரைசன் ஐரோப்பா' 2021 முதல் 2027 வரை 95.5 பில்லியன் யூரோ கொண்டது. ஆனால் தானாகவே நிதி பெறும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. நாம் சேரலாம், பணத்தை நம் துறைகளிடமிருந்து இணை நிதியாகக் கொண்டுவர வேண்டும். அந்த இணை நிதி அறிவிப்பு இல்லாத அழைப்புக்கு விண்ணப்பம் எழுதுவது வீண் உழைப்பு.

நிர்வாகச் செலவுப் பங்கிலும் பெரிய வேறுபாடு உண்டு. ஹொரைசனில் நேரடிச் செலவின் மேல் 25 விழுக்காடு. கேட்ஸ் அறக்கட்டளையில் பல்கலைக்கழகத்துக்கு 10 வரை, தொண்டு நிறுவனத்துக்கு 15 வரை, அரசுத் துறைக்கு எதுவும் இல்லை. மின்கட்டணம், வயல் காவல், வண்டி, கணக்கர் ஆகியவை இதற்குள் அடங்காவிட்டால், அவற்றை நேரடிச் செலவுத் தலைப்பில் பெயர் சொல்லி எழுத வேண்டும். பின்னால் கேட்டால் கிடைக்காது.

ஒப்பந்தத்துக்கு முன் கடக்க வேண்டிய வாயில்கள்

அரசு ஆராய்ச்சி நிறுவனங்களின் பன்னாட்டு வேளாண் ஆய்வுத் திட்டங்கள் டெல்லியில் உள்ள வேளாண் ஆராய்ச்சி மற்றும் கல்வித் துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும். கோப்பு பிற அமைச்சகங்களுக்கும் போய் வரும் என்பதால், மாதங்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டே தேதி போட வேண்டும்.

தொண்டு நிறுவனங்களுக்கு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முக்கியமானது மூன்றாவது மாற்றம்: பெற்ற நிதியை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து தர முடியாது. முன்பெல்லாம் ஒரு பெரிய நிறுவனம் பணத்தை வாங்கி நாகையிலும் வேதாரண்யத்திலும் உள்ள சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவு பெற்று நேரடியாக வாங்க வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு அந்தப் பதிவு பெரும்பாலும் இருக்காது. அதைப் பணம் பெறும் கூட்டாளியாக எழுதினால் கையெழுத்துக் கட்டத்தில் எல்லாம் நின்றுவிடும். சட்டத்தால் அமைந்து, மத்திய கணக்குத் தணிக்கையாளர் கட்டாயமாகத் தணிக்கை செய்யும் அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. தங்கள் நிறுவனம் அந்த வரையறைக்குள் வருகிறதா என்று முதலிலேயே எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

விதைப் பரிமாற்றத்துக்கு வேறு சட்டங்கள். 2004ல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுத் தாவர மரபு வள ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் நெல், உளுந்து உள்ளிட்ட விக்னா பேரினப் பயறுகள், வாழை, தென்னை எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு ஒரே மாதிரியான பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் போதும். கரும்பும் நிலக்கடலையும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்குச் சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். உள்ளே வரும் விதைக்கு தேசியத் தாவர மரபு வள அமைப்பின் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் நோயற்றதற்கான சான்றும், இங்கே தனிமைப்படுத்திச் சோதிப்பதும் கட்டாயம். பயணப் பையில் போட்டுக் கொண்டுவந்த விதைப் பொட்டலம் சட்ட மீறல் மட்டுமல்ல. ஒரு நோய் உள்ளே நுழைந்தால் டெல்டா முழுவதும் அதன் விலையைக் கொடுக்கும்.

பருவமும் தவணையும்

திட்டங்கள் அதிகம் தோற்பது இங்கேதான். ஐரோப்பியத் திட்டம் ஜனவரி 1ல் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் தவணை மார்ச்சில் வரும். ஆராய்ச்சி உதவியாளருக்கு விளம்பரம், நேர்காணல், பணி ஆணை என்று ஜூன் ஆகும். குறுவை நாற்றங்கால் அதற்குள் விட்டாகிவிட்டது. சம்பாவை மட்டும் பிடிக்கலாம். ஒப்பந்தம் செப்டம்பரில் கையெழுத்தாகிப் பணம் டிசம்பரில் வந்தால், அந்தச் சம்பாவும் போயிற்று. மூன்றாண்டுத் திட்டத்தில் மிஞ்சுவது இரண்டு சம்பா. அதில் ஒன்று வெள்ளத்தில் போனால் ஒரே ஒரு பருவத் தரவு. அதை வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது. தொடக்கத் தேதியை ஏப்ரல் அல்லது மே என்று கேட்டு வாங்குவதும், முதல் தவணை வராவிட்டாலும் நாற்றங்காலுக்கும் நடவுக்கும் நிலையம் தன் பொது நிதியிலிருந்து முன்பணம் தரும் என்று எழுத்தில் வாங்கிவைப்பதும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

இந்திய இணை நிதியில் இன்னொரு முட்டுக்கட்டை மார்ச் 31. சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில் முடிகிறது. மண், வைக்கோல், தானிய ஆய்வு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஓடும். சரியாக அதன் நடுவில் நிதியாண்டு முடிந்து, செலவாகாத தொகைக்குக் கணக்குக் காட்டி, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பி, அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆய்வகப் பொருட்களை ஜனவரிக்குள் வாங்கி அடுக்கிவிடுவதே நடைமுறை வழி.

சம்பளக் கணக்கைக் குறைத்துப் போடுவதும் வழக்கமான பிழை. 2023 ஜனவரி முதல் மத்திய நிதித் திட்டங்களில் இளநிலை ஆராய்ச்சி உதவியாளருக்கு மாதம் 37,000 ரூபாய்; மூன்றாம் ஆண்டில் முதுநிலையானால் 42,000. வீட்டு வாடகைப்படி இல்லாமலே மூன்றாண்டுக்கு ஒருவருக்கு 13,92,000 ரூபாய். வயலில் ஒருவர், ஆய்வகத்தில் ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் மீத்தேன் அளவீடு போன்ற வேலை நடக்காது.

அந்த அளவீட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மீத்தேனைக் குறைக்க வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறைக்கு வேண்டியது 30 செ.மீ. நீளப் பி.வி.சி குழாய். கீழ்ப் பாதியில் துளையிட்டு, 15 செ.மீ. மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடக் கூடாது. குழாய்க்கு ஆகும் செலவு சொற்பம். செலவெல்லாம் அளப்பதில். பயிரை மூடும் பெட்டியை வைத்து 0, 10, 20, 30 நிமிடங்களில் ஊசியால் காற்றை எடுத்து, கசியாத குப்பிகளில் அடைத்து, வாயுக்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஓட்ட வேண்டும். பெட்டியருகே சேற்றில் கால் வைத்தால் குமிழி கிளம்பி எண் தாறுமாறாகும். ஆகவே நடக்கப் பலகை போட வேண்டும். வயல் காயும்போது யூரியா போட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வெப்பவாயு ஏறும். அதை அளக்காமல் மீத்தேன் குறைந்ததை மட்டும் எழுதினால் அது அரைகுறைக் கணக்கு.

வெளியிலிருந்து எழுதப்படும் முன்மொழிவுகள் இதில் பருவத்தையே மாற்றிப் போட்டுவிடுகின்றன. விவசாயி தன் தண்ணீரைத் தானே திறந்து மூடுகிறார் என்பது அவற்றின் அடிப்படை. டெல்டாவில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வருகிறது. அடுத்த முறை எப்போது என்று உறுதியில்லாதவர் வயலைக் காயவிட மாட்டார். வடகிழக்குப் பருவமழையில் களிமண் சம்பா வயல் காயவும் காயாது. பம்புசெட் உள்ள குறுவையில்தான் இந்த முறை முழுமையாகச் செல்லும். அங்கும் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், மிச்சமாகும் தண்ணீர் விவசாயிக்குப் பணமாகத் தெரியாது. சம்பாவுக்கு வேண்டியது வடிகால். அதற்கான கட்டுமானப் பணம் வெண்ணாறு பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனாக 2016ல் ஒப்புதலானது. அது ஆய்வு நிதி இல்லை. வடிகால் சீரான பிறகு எந்த வயலில் எத்தனை நாள் முன்னதாக நீர் இறங்கியது, மகசூல் என்ன ஆனது என்று அளக்கும் ஆய்வுக்குத்தான் பன்னாட்டு நிதி கேட்க வேண்டும். உள்ளூர் ஆய்வாளர் முன்மொழிவின் முதல் வரைவிலேயே பங்கு கேட்டால் இது நடக்கும். கடைசி வாரத்தில் ஒப்புதல் கடிதம் மட்டும் கேட்டு வரும் மின்னஞ்சலுக்குக் கையெழுத்துப் போட்டால் நடக்காது.

முடிந்த பிறகு வரும் செலவு

நிறப்பிரிகைக் கருவிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், தரநிலை வாயு உருளைகள், அதை ஓட்டத் தெரிந்த ஆள் இந்த மூன்றும் திட்டம் முடிந்த மறுநாளே நின்றுவிடுகின்றன. கருவி வாங்கும் தலைப்பிலேயே ஐந்தாண்டுப் பராமரிப்பைச் சேர்த்துக் கேட்டால் பல கொடையாளர்கள் மறுப்பதில்லை. தரவு யாரிடம் இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மூலத் தரவின் ஒரு படி ஆடுதுறை நிலையத்திலோ தஞ்சைக்கு அருகே உள்ள காட்டுத்தோட்டம் நிலையத்திலோ இருக்கட்டும்.

எவரும் பணம் ஒதுக்காத இடம் விதைப் பெருக்கம். 155 நாள் சம்பா ரகத்துக்கு எக்டேருக்கு 30 கிலோ விதை. 80 மடங்கு பெருகும் என்ற கணக்கில் 30 கிலோ வல்லுநர் விதை (ரகத்தை உருவாக்கியவர் தரும் மூல விதை) முதல் சம்பாவில் 2,400 கிலோ ஆதார விதையாகும். அது அடுத்த சம்பாவில் 80 எக்டேரில் 192 டன் சான்று விதையாகும், அதாவது விவசாயிக்கு விற்கும் விதை. மூன்றாம் சம்பாவில் 6,400 எக்டேருக்குப் போதும். அதாவது ரகம் கையில் வந்த பிறகும் விவசாயியின் வயலை எட்ட இரண்டு முழு ஆண்டுகள் ஆகும். ஆய்வு நிதி அதற்குள் தீர்ந்திருக்கும். விதைப் பண்ணைக்கு மாநிலப் பணம் அடுத்த பட்ஜெட்டில்தான் வரும். முன்மொழிவு எழுதும்போதே நான்காம், ஐந்தாம் ஆண்டு விதைப் பெருக்கத்தை யார் ஏற்பார் என்று வேளாண்மைத் துறையிடம் ஒரு பக்கக் கடிதமாவது வாங்கி இணைக்க வேண்டும்.